இங்கே ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள்

நான் ஜெர்மனியில் வந்து இறங்கியது 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு. டோர்ட்முண்டில் ஆட்டோமேஷன் பொறியாளர் வேலை. கம்பெனி பிடித்துக் கொடுத்திருந்த ஒற்றை அறை வீட்டில் பெட்டிகளைப் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அரிசி, பால், தக்காளி வாங்கலாம் என்று பையோடு கிளம்பினால், தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. சரி, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். மறுநாள் அக்டோபர் 3. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், தேசிய விடுமுறை. அன்றும் எல்லாம் பூட்டு. காலையில் சில மணி நேரம் மட்டும் திறந்த ஒரு பேக்கரியில் ரொட்டி வாங்கி, அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலைத் தடவி இரண்டு நாள் ஓட்டினேன். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்கில் இருக்கும் கடைகளும் ஞாயிறன்றும் திறந்திருக்கும் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

அந்தப் பசி இரண்டு நாளில் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையின் வெறுமை தீர ஏழு மாதம் ஆனது. இதை எழுதுவது அந்த ஏழு மாதத்துக்காகத்தான். விசா, வீட்டு முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, வரி எண் பற்றியெல்லாம் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் தூங்கும்வரை என்ன செய்வது, சனி ஞாயிறை எப்படிக் கடப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒரு பிரச்சினையாக இருக்கும் என்றே நான் நினைக்கவில்லை.

அலுவலகத்தில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் நான்கு மணி ஆனதும் 'ஷோனன் ஃபையராபெண்ட்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஃபையராபெண்ட் என்றால் வேலை முடிந்தபின் கிடைக்கும் சொந்த நேரம். அந்த நேரத்துக்குள் அலுவலகம் நுழையாது. டீக்கடையில் நின்று பேசுவது, யார் வீட்டுக்காவது போய்விட்டு வருவது என்று எதுவும் கிடையாது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அதற்குப் பிறகு வீடு திரும்பும்போதே இருட்டு. டிசம்பரில் நான்கு இருபதுக்கெல்லாம் சூரியன் போய்விடும். குளிர்காலத்தில் நமக்கும் இவர்களுக்கும் நேர வித்தியாசம் நாலரை மணி. நான் சமைத்துச் சாப்பிட்டு உட்காரும் ஆறு மணிக்குத் திருச்சியில் பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் "சாப்பிட்டியாடி" என்று கேட்பாள். "சாப்பிட்டேம்மா" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அதனால் சனி ஞாயிறு முழுக்க வீடியோ காலைப் போட்டு வைத்துக்கொண்டேன். அம்மா சமைப்பதை, தங்கை துணி மடிப்பதை இங்கே படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இரவு பத்தாகி அவர்கள் தூங்கப் போகும்போது எனக்கு மாலை ஐந்தரை. அதற்குப் பிறகு வரும் அந்த மணிகளைப்போல நீளமான நேரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டாரோடு பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மனம் நிறையப் பேசிவிட்டு வைத்துவிடுங்கள். நாள் முழுக்க அந்த வீட்டிலேயே இருந்தால் இந்த ஊரில் நீங்கள் இல்லாமலே போய்விடுவீர்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அப்போது அவை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நவம்பரில் என் பக்கத்து மேசைக்காரர், "செவ்வாய்க்கிழமை மாலை நாங்கள் டேபிள் டென்னிஸ் விளையாடுவோம். விருப்பமிருந்தால் வா" என்றார். நான் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்றேன். இன்னொன்று, ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு மிக்ஸியில் சட்னி அரைத்தேன். கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து மணியடித்தார். "இன்று ஞாயிற்றுக்கிழமை" என்று மட்டும் சொன்னார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் போடக்கூடாது என்பது இங்கே வழக்கம். வாக்குவம் கிளீனர், டிரில்லிங் எதுவும் கூடாது. கண்ணாடி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது. எனக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. மறுநாள் முறுக்கு எடுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, "வரும் ஞாயிறு மூன்று மணிக்குக் காபி குடிக்க வருகிறாயா?" என்றார். "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம், வேண்டாம்" என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். அவர் "சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஞாயிறு மூன்று மணிக்கு நான் நல்ல உடை போட்டுக்கொண்டு, ஒருவேளை வந்து கூப்பிடுவாரோ என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. பக்கத்து மேசைக்காரரும் மறுபடி டேபிள் டென்னிஸைப் பற்றிப் பேசவில்லை. இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் தனியாகவே நேரத்தை நிரப்பப் பார்த்தேன். பணம் போனது அங்கேதான். நவம்பர் கடைசியில் ஒரு ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன். மாதம் 34.90 யூரோ என்று பெரிதாகப் போட்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். 24 மாத ஒப்பந்தம் என்பது உள்ளே இருந்தது. நான் போனது மொத்தம் பதினோரு நாள். எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனித்தனியாக ஓடும் இடத்தில் என் தனிமை இன்னும் கூடியதுதான் மிச்சம். நிறுத்திவிடலாம் என்று கேட்டபோது, இரண்டு வருடம் முடியும்வரை முடியாது என்றார்கள். மொத்தம் 837.60 யூரோ. ஆன்லைனில் போட்ட ஒப்பந்தம் என்றால் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். கடைக்குள்ளேயே உட்கார்ந்து போட்ட கையெழுத்துக்கு அந்த உரிமை கிடையாது. 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தங்களில் ஒரு நன்மை உண்டு. முதல் காலம் முடிந்தபின் அவர்கள் தாமாக இன்னொரு வருடம் நீட்டிவிட முடியாது, ஒரு மாத அவகாசம் கொடுத்து நாம் விலகிக்கொள்ளலாம். ஆனால் முதல் காலமே இரண்டு வருடம் இருக்கலாம். எத்தனை மாதம் என்ற அந்த எண்ணை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜிம்காரர்கள் நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதை நிறுத்திவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடன் வசூல் கடிதம் வந்து, தொகை ஏறி, பிற்பாடு வீடு தேடும்போது உங்கள் பெயர் கெட்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் இன்னும் மோசம். அந்த வருடம் 24 சனி, 25 ஞாயிறு, 26 திங்கள். 24ஆம் தேதி மதியத்தோடு நகரமே அடங்கிவிட்டது. மூன்று நாள் ஒரு மனிதக் குரலை நேரில் கேட்கவில்லை. 25 இரவு, டொரண்டில், அதாவது இணையத்தில் காசு கொடுக்காமல் படம் இறக்கும் வழியில், ஒரு தமிழ்ப் படத்தை இறக்கிப் பார்த்தேன். அது தவறுதான், ஊரில் பழகிய பழக்கம். பிப்ரவரியில் தபால் பெட்டியில் ஒரு தடித்த உறை. விளம்பரம் என்று நினைத்து மேசையில் போட்டுவிட்டேன். ஆறு நாள் கழித்து ஃபோனில் மொழிபெயர்த்துப் பார்த்தபோது கை நடுங்கியது. வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த 'ஆப்மானுங்', அதாவது சட்ட எச்சரிக்கை. நான் இறக்கிய நாள், நேரம், என் இணைய எண் (ஐபி முகவரி) எல்லாம் அதில் இருந்தன. தொள்ளாயிரம் யூரோவுக்கு மேல் கேட்டிருந்தார்கள். கெடு முடிய நான்கு நாள்தான் பாக்கி.

அன்று இரவு போலீஸ் வருமா, விசா போய்விடுமா என்றெல்லாம் நினைத்து அழுதேன். வீட்டில் சொல்லவில்லை, அலுவலகத்தில் சொல்ல வெட்கம். இந்த மாதிரிக் கடிதம் பலருக்கு வருகிறது என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. டொரண்டில் நாம் படத்தை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை நம் கணினி மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். அந்த அனுப்புதலைத்தான் பிடிக்கிறார்கள். கடிதத்தைக் கிழித்துப் போடக்கூடாது, போட்டால் நீதிமன்றம் வரை போகலாம். அதே சமயம் அதோடு வைத்திருக்கும் உறுதிமொழித் தாளில் பயத்தில் அப்படியே கையெழுத்தும் போடக்கூடாது. அது வாழ்நாள் முழுக்க நம்மைக் கட்டும், தேவைக்கு மேல் ஒப்புக்கொள்ளவும் வைக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலே' என்ற நுகர்வோர் ஆலோசனை மையம் இருக்கிறது. நான் அங்கேதான் போனேன். அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பணம் சம்பந்தப்பட்ட வழக்கு என்று சொன்னபோதுதான் மூச்சு வந்தது. பிறகு ஒரு வக்கீல் உறுதிமொழியைத் திருத்தி எழுதி அனுப்பி, 500 யூரோவுக்குப் பேசி முடித்தார். அவருடைய கட்டணம் 280. சொல்லும்போது இன்னும் வலிக்கிறது.

அந்தப் பயத்தில் மேசையில் கிடந்த மற்ற உறைகளையும் பிரித்தேன். ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு மூன்று கடிதங்கள். வீட்டில் டிவியே இல்லையே என்று நினைத்திருந்தேன். டிவி இருக்கிறதா என்பது கணக்கில்லை, வீடு ஒன்றுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியாக வேண்டும். தாமதத்துக்கு 8 யூரோ அபராதம். சேர்ந்து தங்குகிறவர்கள் என்றால் ஒருவர் கட்டினால் போதும், இது தெரியாமல் இருவரும் கட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் முக்கியமானதெல்லாம் தபாலில்தான் வரும். வாரத்தில் ஒரு நாளை உறை பிரிக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, இதற்கு மேல் அந்த அறையில் உட்கார முடியாது என்று தோன்றியது. ஹம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில் இருப்பது தெரியும். ஈழத் தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். கோடையில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. என்னிடம் மாதாந்திர பாஸ் இருந்ததால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டோர்ட்முண்ட் ஒரு கட்டண எல்லைக்குள், ஹம் வேறொரு எல்லைக்குள் என்பது பரிசோதகர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. 60 யூரோ அபராதம். (அடுத்த மாதமே, 2023 மே 1 முதல், நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்திலும் பிராந்திய ரயிலிலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 49 யூரோவுக்கு வந்துவிட்டது. இப்போது அது 63. அதிவேக ரயில்களில் செல்லாது. வேண்டாமென்றால் மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள்.)

அபராதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே கோயிலுக்குள் போனேன். கற்பூர வாசனை பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்கா பக்கத்தில் வந்து, "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை? சாப்பிட்டனீங்களோ?" என்றார். "ஆச்சு அக்கா" என்றேன். "பிரசாதம் கொஞ்சம் எடுங்கோ." "வேண்டாம் அக்கா." "முகத்தைப் பாத்தாலே தெரியுது, எடுங்கோ பிள்ளை" என்று தட்டைக் கையில் வைத்துவிட்டார். அரை வருடத்துக்கும் மேலாகக் கேட்காத அந்த மூன்றாவது தடவையில் நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜிம், கடிதம், டேபிள் டென்னிஸ், பாட்டியின் காபி, எல்லாம். அவர் போரில் ஊரைவிட்டு 1980களில் இங்கே வந்தவர். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம் பிள்ளை. ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னாப் பிறகு திருப்பிக் கேக்கிறது அவையளுக்கு மரியாதை இல்லை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் முதல் அழைப்பு மரியாதைக்கு, மறுப்பும் மரியாதைக்கு. இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் மனசு தெரியும். இங்கே முதல் தடவையிலேயே மனசைச் சொல்லிவிடுகிறார்கள், நம் பதிலையும் அப்படியே நம்புகிறார்கள். அந்தப் பாட்டி என் மறுப்பை மதித்தார். நான் அதை விலக்கலாக எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் அவரைப் படிக்கட்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். எத்தனை ஞாயிறு மூன்று மணிகள் அப்படிப் போயின.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் நேராகக் கேட்டேன். "நவம்பரில் டேபிள் டென்னிஸுக்கு வரச் சொன்னீர்களே, இப்போதும் வரலாமா?" அவர் ஆச்சரியத்தோடு, "நிச்சயமாக. உனக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்" என்றார். செவ்வாய் இரவு ஏழரை மணிக்கு, ஒரு பள்ளிக்கூட உள்விளையாட்டு அரங்கு. வாசலிலேயே ஒருவர் என் ஷூவைப் பார்த்து நிறுத்தினார். வெளியே போட்ட ஷூவோடு தரையில் கால் வைக்கக்கூடாது, உள்ளே மட்டும் போட, தரையில் கோடு விழாத அடிப்பாகம் உள்ள ஷூ தனியாக வேண்டும். முதல் நாள் சாக்ஸோடு விளையாடினேன். பதினேழு வயதுப் பையனும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே மேசையில். 'ருண்ட்லாவ்ஃப்' என்று ஒன்று ஆடினார்கள். எல்லோரும் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டே ஆளுக்கு ஒரு பந்து அடிக்க வேண்டும், தவறவிட்டவர் வெளியே. அன்று நான் சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

இந்த நாட்டில் பதிவுசெய்த சங்கங்கள் ஆறு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இவற்றை 'ஃபெரைன்' என்பார்கள். பாட்டு, சதுரங்கம், மலைநடை, தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று உண்டு. ஜெர்மானியர்களின் நட்பு பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கிறது. அலுவலகத்தில் அதைத் தேடி நான் ஏமாந்தேன். எங்கள் சங்கத்துக்கு மாதம் 9 யூரோ. முதல் சில நாள் இலவசமாக வந்து பார்க்கலாம், பெரும்பாலான சங்கங்களில் அப்படித்தான். சேரும்போது விலகும் விதியையும் படியுங்கள், சிலவற்றில் வருடக் கடைசியில் மட்டும்தான் விலகலாம். அங்கே வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் 'டு' என்று நீ போட்டுத்தான் பேசுகிறார்கள். எழுபது வயதுக்காரரை அப்படிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் வாய் வரவில்லை. மொழி சரியாக வரட்டும், அப்புறம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பந்து பொறுக்கிக்கொண்டே நான் கற்ற ஜெர்மன், வகுப்பில் கற்றதைவிட அதிகம். ஆட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். குளித்துவிட்டு ஓடிவிடாதீர்கள். நட்பு அந்த ஒரு மணி நேரத்தில்தான் உண்டாகிறது.

பாட்டி வீட்டுக் கதவையும் தட்டினேன். "அன்று காபிக்குக் கூப்பிட்டீர்கள். எனக்கு வர ஆசைதான், எங்கள் ஊரில் முதலில் வேண்டாம் என்று சொல்வது வழக்கம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலண்டரை எடுத்து வந்தார். அடுத்த ஞாயிறு அவருக்கு வேலை, அதற்கடுத்தது தங்கை வீடு, மூன்றாவது ஞாயிறு மூன்று மணிக்கு என்று குறித்தார். முன்பு என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்திருப்பேன். காலண்டரில் குறித்துவிட்டார்கள் என்றால் உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். சொன்ன நிமிடத்தில் போக வேண்டும், வர முடியாவிட்டால் முன்பே சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொல்லாதீர்கள். ஞாயிறு பிறந்தநாளுக்கு வெள்ளிக்கிழமையே நான் வாழ்த்தியபோது ஒருவர் முகம் சுருங்கிவிட்டது. முன்னால் சொன்னால் துரதிர்ஷ்டம் என்பது இவர்கள் நம்பிக்கை.

கணக்குப் பார்த்தால் ஜிம், சட்டக் கடிதம், வக்கீல், அபராதங்கள் சேர்த்து 1,685.60 யூரோ, அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய். அதை மறுபடி சம்பாதித்துவிட்டேன். அந்தக் குளிர்காலத்தை மட்டும் இன்னும் முழுதாக மன்னிக்க முடியவில்லை. இருட்டு மாதங்களில் மனம் சுருங்குவது பலருக்கும் நடக்கிறது. எழுந்திருக்கவே பிடிக்காத காலைகள் தொடர்ந்தால் குடும்ப மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், நான் சொல்லத் தாமதித்தேன். இரவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 0800 111 0 111 என்ற எண் 24 மணி நேரமும் இலவசம். அங்கே ஜெர்மனில் பேசுவார்கள். தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பரவாயில்லை. வாரநாளில் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளிச்சத்தில் நடந்துவிடுங்கள், மாலையில் அது கிடைக்காது.

போன அக்டோபரில் எங்கள் பிரிவுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டாவது வாரம், "செவ்வாய் மாலை டேபிள் டென்னிஸ் இருக்கு, வர்றியா?" என்று கேட்டேன். "பார்க்கலாம் அக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மறுபடி கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்" என்றாள். செவ்வாய் ஏழு மணிக்கு அவள் வீட்டு வாசலில் போய் மணியடித்தேன். கையில் என் பழைய உள்ளரங்கு ஷூ, அளவு 38. அவளுக்கும் அதே அளவுதான்.